காலநிலையும் மேடையும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பள்ளிகளில் காலநிலை மாற்றம் பற்றிப் பேசிவருகிறேன். உள்ளதைச் சொன்னால் பிள்ளைகள் சோர்ந்துவிடுகிறார்கள். நம்பிக்கையூட்டினால் எனக்கே அது பொய்யாகப் படுகிறது. 2019இல் டாவோஸ் உலகப் பொருளாதார மாநாட்டில் ஸ்வீடன் நாட்டு இளம் காலநிலைப் போராளி கிரெட்டா துன்பர்க், 'உங்கள் நம்பிக்கை எனக்கு வேண்டாம், நீங்கள் பதற வேண்டும்' என்றாரே, அதுதான் சரியான வழியோ? காலம் கடந்துவிட்டது என்றே பல இரவுகளில் தோன்றுகிறது.

ம.

அன்புள்ள ம.,

உங்கள் சோர்வு அக்கறையுள்ளவர்களுக்கு மட்டுமே வருவது, அதை மதிக்கிறேன். ஆனால் கடைசி வரியை ஏற்க மாட்டேன். உலகின் கரியமில வாயு வெளியேற்றம் நிகரச் சுழியத்தை, அதாவது வெளியிடும் அளவும் திரும்ப அகற்றும் அளவும் சமமாகும் நிலையை, எட்டினால் வெப்ப உயர்வும் ஏறக்குறைய அத்துடன் நின்றுவிடும் என்பதே அறிவியலின் இன்றைய கணிப்பு. அப்படியிருக்க, காலம் கடந்துவிட்டது என்று பிள்ளைகள் முன் சொல்ல உங்களுக்கு என்ன உரிமை? நிலக்கரியும் எண்ணெயும் விற்பவர்கள் கேட்க விரும்புவதும் அதைத்தான்.

கிரெட்டா அதைச் சொன்னது அதிகாரத்தில் இருப்பவர்களிடம். பள்ளிப் பிள்ளைகளைப் பதறவைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு நினைவில் எழுவது பிலிப்பைன்ஸ் பிரதிநிதி யெப் சான்யோ 2013 நவம்பரில் வார்சாவில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் ஆற்றிய உரை. ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற ஹையான் புயல் கரையைக் கடந்து மூன்றே நாட்கள் ஆகியிருந்தன. அவருடைய சகோதரர் அங்கே தம் கைகளால் பிணங்களைச் சேகரித்துக்கொண்டிருந்தார். சான்யோ மேடையில் அழுதார். ஆனால் அந்த அழுகையோடு அவர் நிற்கவில்லை என்பதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். காலநிலைப் பேரிடர்களால் ஏழை நாடுகளுக்கு ஏற்படும் இழப்புக்கும் சேதத்துக்கும் ஈடுசெய்ய ஓர் ஏற்பாடு வேண்டும் என்று கேட்டார், உருப்படியான முடிவு கண்ணில் தெரியும்வரை உண்ணமாட்டேன் என்று அறிவித்தார். அவர் நம்பிக்கையை ஊட்டவுமில்லை, அவநம்பிக்கையைப் பரப்பவுமில்லை. எதிரில் இருந்தவர்களிடம் இன்னது வேண்டும் என்று கேட்டார். அம்மாநாட்டின் முடிவில் அதற்கான அமைப்பு உருவானது. 2022இல் எகிப்தின் ஷார்ம் எல் ஷேக்கில் கூடிய ஐ.நா. காலநிலை மாநாட்டில் அதற்கெனத் தனி நிதியம் ஒப்புக்கொள்ளப்பட்டது. அவர் ஒருவரால் அது நடந்தது என்று சொல்லமாட்டேன், சிறு தீவு நாடுகள் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்தது அது. ஆனாலும் கேட்டவர்கள் இருந்ததால்தான் நடந்தது.

நீங்கள் சொற்பொழிவின் சுவையைப் பற்றியே கவலைப்படுகிறீர்கள், கோரிக்கையைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. 2023இல் அந்த நிதியம் துபாயில் தொடங்கியபோது ஜெர்மனி 10 கோடி டாலர் தருவதாகச் சொன்னது. வரலாற்றில் மிக அதிகமாகக் கரியமில வாயுவை வெளியிட்ட அமெரிக்கா சொன்னது 1.75 கோடி. இந்த இரண்டு எண்களையும் கரும்பலகையில் எழுதுங்கள். பிள்ளைகள் கோபப்பட்டால் தடுக்காதீர்கள். யாரிடம், எதைக் கேட்க வேண்டும் என்று அவர்களையே எழுதச் சொல்லுங்கள்.