விசைவில்லை மாற்றினால் புள்ளி கூடுமா?

கேள்வி: கொழும்பில் படிக்கும் என் மகள், பல்கலைக்கழக அணியில் 10 மீற்றர் காற்றுத் துப்பாக்கிப் பிரிவில் சுடுகிறாள். அணிக்குரிய பொதுத் துப்பாக்கியையே பயன்படுத்துகிறாள். அவளுடைய புள்ளிகள் ஒரு நாள் ஏறினால் மறுநாள் இறங்குகின்றன. விசைவில் (சுடுவதற்கு விரலால் அழுத்தும் பாகம்) கடினமாக இருப்பதே காரணம் என்று தோழியர் சொல்ல, கனடாவிலுள்ள என் தம்பி உயர்தர விசைவில் ஒன்றை வாங்கி அனுப்ப முன்வந்திருக்கிறார். வாங்குவிக்கலாமா?
– ஒரு தந்தை, கொக்குவில்.

பதில்: இப்போதைக்கு வேண்டாம். தோக்கியோ ஒலிம்பிக்கில் இலங்கையின் தெஹானி எகொடவெல போட்டியிட்ட இப்பிரிவில், இலக்கின் நடுவிலுள்ள பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் வெறும் 0.5 மில்லிமீற்றர்தான். அவ்வளவு சிறிய புள்ளியை நின்றபடி சுடும்போது விசைவில்லின் தரமும் கணக்கில் வரும் என்பது உண்மையே. ஆனால் பழுதில்லாத விசைவில் என்றும் ஒரே எடையில்தான், அதாவது ஒரே அளவு அழுத்தத்தில்தான், விடுபடுகிறது. நாளுக்கு நாள் மாறும் புள்ளிக்கு, நாளுக்கு நாள் மாறும் ஏதோ ஒன்றே காரணமாக இருக்க வேண்டும்.

பொதுத் துப்பாக்கி என்கிறீர்கள். அப்படியானால் முதலில் பார்க்க வேண்டியது பிடங்கின் (தோளில் பதியும் பின்பகுதியின்) நீளத்தையும் கன்னத்தாங்கியின் உயரத்தையும்தான். முன்னர் சுட்டவர் தமக்கேற்ப மாற்றிவிட்டுப் போயிருந்தால், உங்கள் மகளின் கண் அன்று வேறோர் இடத்திலிருந்து குறிபார்க்கும். தனக்குரிய அளவுகளை அவள் ஒரு கொப்பியில் குறித்து வைத்து, ஒவ்வொரு முறையும் அதன்படி அமைத்துக்கொள்ளட்டும்.

அடுத்தது நிற்கும் நிலை. குறிபார்த்தபின் கண்களை மூடி, இரண்டு மூச்சு விட்டு, மீண்டும் திறக்கச் சொல்லுங்கள். குறி இலக்கை விட்டு விலகியிருந்தால், கையால் இழுத்துத் திருத்தாமல் பாதங்களை நகர்த்தியே திருத்த வேண்டும். கையால் இழுத்த தசை, விசைவில் விடுபடும் கணத்தில் தன் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். குண்டுகள் மேலும் கீழுமாகச் சிதறினால் மூச்சைக் கவனிக்க வேண்டும். மூச்சை வெளியே விட்டபின் இயல்பாக வரும் அமைதியில் ஏழெட்டு விநாடிக்குள் சுட்டுவிட வேண்டும். முடியாவிட்டால் துப்பாக்கியை இறக்கி மீண்டும் தொடங்குவதே நல்லது. இறக்குவதற்குப் பலர் வெட்கப்படுகிறார்கள், ஏனென்று எனக்கு விளங்குவதில்லை.

விசைவில்லை அழுத்தும் முறையை ஒரு நாணயமே காட்டித் தரும். குண்டின்றி வெறுமனே விசைவில்லை இயக்கிப் பழகும் வசதி பெரும்பாலான போட்டித் துப்பாக்கிகளில் உண்டு. (சாதாரணச் சுருள்வில் துப்பாக்கியில் இதைச் செய்தால் அது பழுதடையும்.) பயிற்றுநர் குழலின் மேல் நாணயத்தை வைக்க, அவள் சுடட்டும். நாணயம் விழுந்தால் விரல் விசைவில்லை நேர்பின்னே அழுத்தாமல் துப்பாக்கியையே தள்ளுகிறது என்று பொருள். அந்த விரலுக்கு மிக இலகுவான விசைவில்லைக் கொடுத்தால், குறி அமையும் முன்பே குண்டு போய்விடும். பாதுகாப்புக்கும் அது நல்லதல்ல.

இத்தனைக்கும் பிறகு ஐயம் இருந்தால், அதே துப்பாக்கியால் பயிற்றுநரைப் பத்துக் குண்டுகள் சுடச் சொல்லுங்கள். அவருடைய குண்டுகள் நெருங்கி விழுந்தால் துப்பாக்கியில் குறையில்லை. அவருக்கும் விசைவில் கரகரப்பாகவோ ஒவ்வொரு முறை ஒவ்வொரு விதமாகவோ தோன்றினால் மட்டும் திருத்த வேண்டும். போட்டித் துப்பாக்கியாயின் அதிலுள்ள சிறு திருகாணிகளாலேயே எடையையும் நகர்வையும் அவர் சரிசெய்துவிடலாம். காற்றுக் கைத்துப்பாக்கியின் விசைவில் எடைக்கு 500 கிராம் என்ற கீழெல்லை விதியில் உண்டு. உங்கள் மகளின் பிரிவில் அத்தகைய எல்லை இல்லை.

துப்பாக்கிப் பாகத்தைப் பொதியில் வருவிப்பது சுங்கத்திலும் சிக்கலாகலாம். தம்பி உதவ விரும்பினால், அத்தொகையைக் கொழும்பிலேயே 4.5 மில்லிமீற்றர் போட்டிக் குண்டுகளுக்கும் மேலதிகப் பயிற்சி நேரத்துக்கும் செலவிடச் சொல்லுங்கள்.