மகன் வகை, கைமாற்று

கேள்வி: நான் தரைப்படையில் நாயக்காகப் பணியாற்றுகிறேன், சேர்ந்து 13 ஆண்டுகள் முடிந்துவிட்டன. மதுரை அனுப்பானடியில் என் அப்பா 31 ஆண்டுகளாக அப்பளக் கம்பெனி நடத்தி வருகிறார். ஒரு காலத்தில் 14 பெண்கள் வேலை பார்த்த இடத்தில் இப்போது ஐந்து பேர்தான் இருக்கிறார்கள். அப்பாவுக்கு 64 வயது. முழங்கால் வலியால் மாடி ஏற முடிவதில்லை. வங்கி, உளுந்து மண்டி, தண்டல் எல்லாம் சேர்த்து வெளிக்கடன் 8 லட்சத்தைத் தாண்டிவிட்டது. கடைக்காரர்களிடம் 3,40,000 ரூபாய் பாக்கி நிற்கிறது. நான்கு ஆண்டுகளாக மாதம் 15,000 ரூபாய் அனுப்பி வருகிறேன். அதைக்கூட அப்பா கணக்கு நோட்டில் ‘மகன் வகை, கைமாற்று’ என்று தனிப் பக்கம் போட்டு எழுதி வைத்திருக்கிறார். போன லீவில் பார்த்தபோது சிரிப்புத்தான் வந்தது. ‘நீ வந்தால்தான் கம்பெனி நிற்கும்’ என்று அம்மா போனில் அழுகிறார். அப்பா ஒன்றும் சொல்வதில்லை. மனைவியும் இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளும் அவர்களோடுதான் இருக்கிறார்கள். பெற்றவர்கள் தவிக்கும்போது நான் எல்லையில் நிற்பது சரியா? டிஸ்சார்ஜ் மனு எழுதி வைத்துவிட்டேன். கொடுத்துவிடலாமா?
— படைவீரர் ஒருவர்

பதில்: தம்பி, அந்தப் பக்கத்தைப் பார்த்து உங்களுக்கு ஏன் சிரிப்பு வந்தது?

உங்கள் கடிதத்தைப் போன்ற கடிதங்கள் எனக்குப் புதியவை அல்ல. திருமங்கலம், டி.கல்லுப்பட்டி, உசிலம்பட்டிப் பக்கங்களில் படைக்குப் பிள்ளை அனுப்பாத ஊர் குறைவு. அந்த வீடுகளிலிருந்து செங்கல் சூளைக்காகவும், மாவு மில்லுக்காகவும், தவணை கட்ட முடியாமல் நிற்கும் லாரிக்காகவும் ‘வேலையை விட்டு வரட்டுமா’ என்று கேட்டு எனக்கு எழுதியிருக்கிறார்கள். எல்லாரும் கடன் தொகையை எழுதுவார்கள், அம்மாவின் கண்ணீரை எழுதுவார்கள், எல்லையை எழுதுவார்கள். நீங்கள் மட்டும் கூடுதலாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எழுதிவிட்டு, அது முக்கியமில்லை என்பதுபோல் கடந்து போயிருக்கிறீர்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். மாதம் 15,000 வீதம் 48 மாதங்களுக்கு 7,20,000 ரூபாய் ஆகிறது. அவ்வளவு பணம் உள்ளே போன பிறகும் வெளிக்கடன் 8 லட்சத்துக்கு மேல் நிற்கிறது என்றால், நான்கு ஆண்டுகளாக அந்தக் கம்பெனி அப்பளத்தால் நடக்கவில்லை, உங்கள் சம்பளத்தால் நடக்கிறது என்றுதான் பொருள். உளுந்துக்கும் கூலிக்கும் தண்டலுக்கும் மாதாமாதம் போவது நீங்கள் பனியில் நின்று சம்பாதித்த பணம். நீங்கள் மனுவைக் கொடுத்துவிட்டு ஊருக்கு வரும் நாளில் முதலில் நிற்பது அந்த 15,000 ரூபாய்தான். கம்பெனியைக் காப்பாற்ற வருவதாக நினைத்துக்கொண்டு, அதைத் தாங்கி நிற்கும் ஒரே தூணை நீங்களே பிடுங்கப் பார்க்கிறீர்கள்.

இது கணக்கு. உங்கள் அப்பா எழுதியது கணக்கு மட்டும் அல்ல. சாப்பாட்டுக்கென்றோ மருந்துக்கென்றோ பிள்ளை கொடுக்கும் பணத்தை எந்தத் தகப்பனும் கைமாற்று என்று எழுதுவதில்லை. அது பிள்ளையின் கடமை, பெற்றவரின் உரிமை, அதற்கு நோட்டுத் தேவையில்லை. இந்தப் பணம் சோற்றுக்குப் போகவில்லை, தொழில் என்ற குழிக்குள் போகிறது என்பது அவருக்கு முதல் மாதத்திலேயே தெரிந்திருக்கிறது. அதனால்தான் மண்டிக்காரருக்கு ஒரு பக்கம் போடுவதுபோல் உங்களுக்கும் ஒரு பக்கம் போட்டார். இன்று அந்தக் கம்பெனிக்குத் தனி ஆளாக அதிகம் கடன் கொடுத்தவர் நீங்களாகத்தான் இருக்க வேண்டும். பெற்ற மகனிடம் பட்ட கடனைத் தீர்க்காமல் கடையை மூடுவது அவரைப் போன்ற மனிதருக்கு மானக்கேடு. முழங்கால் மடங்காமல் போன பிறகும் அவர் அந்தக் கல்லாப்பெட்டிக்குப் பின்னாலிருந்து எழுந்திருக்காமல் இருப்பதற்கு, நீங்கள் அனுப்பும் பணமே பெரிய காரணமாக இருக்கலாம் என்று ஒருநாளாவது யோசித்தீர்களா? அப்பா ஒன்றும் சொல்வதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பக்கத்தில் 48 முறை சொல்லியிருக்கிறார். நீங்கள் படித்துவிட்டுச் சிரித்திருக்கிறீர்கள்.

கோபமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான்கு ஆண்டுகள் பணம் அனுப்பி, அது என்ன ஆனது என்று ஒருமுறைகூட உட்கார்ந்து கேட்காத பிள்ளை, கடமையைச் செய்ததாக நினைத்துக்கொள்ளக் கூடாது. கேட்டால் அப்பாவின் மனம் நோகும் என்று பயந்து, அந்தப் பயத்துக்கு மாதம் 15,000 ரூபாய் கட்டியிருக்கிறீர்கள். இப்போது அதே பயம் டிஸ்சார்ஜ் மனுவாக வந்து நிற்கிறது: அப்பாவிடம் ஒரு மணி நேரம் பேசுவதைவிட 13 ஆண்டு சர்வீஸைத் தூக்கி எறிவது உங்களுக்கு எளிதாகத் தெரிகிறது.

எறிவது எதை என்பதையாவது தெரிந்துகொள்ளுங்கள். படைவீரருக்குப் பென்ஷன் கிடைக்கக் குறைந்தது 15 ஆண்டு சர்வீஸ் வேண்டும். அதற்கு இரண்டு ஆண்டு குறைய, சொந்த விருப்பத்தில் வெளியேறினால் பணிக்கொடையாக ஒரு தொகை கைக்கு வரும். அதை அன்றைக்கே மண்டிக்காரரும் தண்டல்காரரும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். கடைசிச் சம்பளத்தில் பாதியாக வாழ்நாள் முழுவதும் வரவேண்டிய பென்ஷன் வராது. அதோடு சேர்ந்து வரும் இசிஹெச்எஸ் என்ற, முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கான மருத்துவ வசதி கிடைக்காது. உங்களைச் சார்ந்திருக்கும் பெற்றோர் என்ற முறையில், வருமான வரம்புக்குள் இருந்தால், அப்பாவும் அந்த முழங்காலுக்கு அதில் மருத்துவம் பார்க்கலாம். பென்ஷனுக்குத் தகுதி பெறாமல் தானாக வெளியேறியவரை அரசின் விதிகள் ‘முன்னாள் படைவீரர்’ என்றே ஏற்பதில்லை. 2024 ஆகஸ்ட் 15 அன்று தமிழக அரசு அறிவித்த ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டத்தில், தொழில் தொடங்கும் முன்னாள் படைவீரருக்கு 1 கோடி ரூபாய் வரையான கடனில் 30 விழுக்காடு மானியம் உண்டு. தொழில் செய்யத்தான் வருகிறேன் என்று இன்று வெளியேறினால், தொழிலுக்கென்றே திறந்து வைத்திருக்கும் அந்தக் கதவையும் நீங்களே சாத்திக்கொள்கிறீர்கள்.

வந்து என்ன செய்யப் போகிறீர்கள் என்பது உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. பர்மா உளுந்து வரத்தை ஒட்டி விருதுநகரில் விலை ஏறுவதை உங்களால் நிறுத்த முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மாடியில் அப்பளம் காயாமல் கிடப்பதையும், ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லாமல் சமையல்காரர்கள் சரக்கு எடுக்காமல் இருப்பதையும் உங்களால் மாற்ற முடியாது. முப்பத்தொரு ஆண்டுகள் அதிலேயே ஊறிய மனிதரால் சமாளிக்க முடியாததை, படைக்குப் போன நாளிலிருந்து மாவு உருட்டும் பலகையைத் தொடாத நீங்கள் வந்து நிமிர்த்துவீர்கள் என்று உங்கள் அம்மா நம்பலாம், அவர் தாய். நீங்கள் நம்பக்கூடாது.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் அண்ணன் நிலையான வேலையை விட்டுவிட்டு அப்பாவின் எண்ணெய்க் கடையை நிமிர்த்த வந்தார். மூன்றாம் ஆண்டில் கடை போயிற்று. அதை எல்லோரும் தாங்கிக்கொண்டோம். ஆனால் தனக்காக மகன் வேலையை விட்டான் என்ற நினைப்பில், அதன்பிறகு சாகும்வரை அப்பா அண்ணனை நேராகப் பார்த்துப் பேசவே இல்லை. ஒரே திண்ணையில் இருவரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். உங்கள் அப்பா 7,20,000 ரூபாய்க்கே தனிப் பக்கம் போடுகிறவர். நீங்கள் விட்டு வரும் பென்ஷனை அவர் எந்தப் பக்கத்தில் எழுதுவார்?

பெற்றவர்களைத் தாங்குவது பிள்ளையின் கடமை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. தாங்கத் தவறிய பிள்ளைகளை இதே பக்கத்தில் கடுமையாகத் திட்டியிருக்கிறேன். ஆனால் தகப்பன் வேறு, தகப்பனின் தொழில் வேறு. தகப்பனுக்கு வயதாகும்போது தோள் கொடுக்க வேண்டும். தொழிலுக்கு வயதாகும்போது அதைக் கௌரவமாக முடித்துவைக்க வேண்டும். அதேபோல், கொடியின் முன் நின்று எடுத்த உறுதிமொழியை வீட்டுக் கஷ்டம் வந்தவுடன் கழற்றி வைக்கக்கூடிய சட்டையாக நான் நினைக்கவில்லை. நீங்கள் நிற்கும் இடத்தில் வேறொருவர் நிற்க வேண்டியிருக்கும், அவருக்கும் ஒரு வீடு இருக்கிறது.

ஆகவே மனுவைக் கிழித்துவிட்டு லீவு கேளுங்கள். ஆண்டுக்கு 60 நாள் ஆண்டு விடுப்பும் 30 நாள் தற்செயல் விடுப்பும் உங்களுக்கு உண்டு. ஒரு மாதத்தையாவது சேர்த்து எடுத்து, கல்யாண வீடு, கோயில் என்று அலையாமல், அந்த நோட்டோடு உட்காருங்கள். உங்கள் மனைவியும் உடன் இருக்கட்டும். நான்கு ஆண்டுகளாக அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று தினமும் பார்த்துக்கொண்டிருப்பவர் அவர்; அவர் என்ன நினைக்கிறார் என்பதற்கு உங்கள் நீண்ட கடிதத்தில் ஓர் எழுத்துக்கூட இல்லை.

அனுப்பும் பணம் இனிமேல் அம்மாவின் கைக்கு, வீட்டுச் செலவுக்கு மட்டும் போகட்டும். கம்பெனிக்கு ஒரு ரூபாயும் போகக்கூடாது. ஐந்து பெண்களுக்குக் கூலி பாக்கி இருந்தால், வசூலாகும் முதல் பணம் அவர்களுக்கு. கடைக்காரர்களிடம் நிற்கும் பாக்கியை நீங்களே நேரில் போய்க் கேளுங்கள், அப்பாவின் காலால் இனி அது முடியாது. சிறு, குறு தொழில்களுக்கான மத்திய அரசின் ‘உத்யம்’ பதிவு இல்லையென்றால் உடனே செய்யுங்கள், கட்டணம் கிடையாது. பதிவுபெற்ற சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கியவர் அதிகம்போனால் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அப்படிக் கொடுக்காத வியாபாரி, கொடுக்கும் ஆண்டு வரை அத்தொகையை வருமான வரியில் செலவாகக் கழிக்க முடியாது என்பது 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து நடைமுறைக்கு வந்துவிட்டது. இதெல்லாம் பதிவுக்குப் பிறகு கொடுக்கும் சரக்குக்குத்தான் துணை நிற்கும்; பழைய பாக்கிக்கு உங்கள் முகமும் பொறுமையும்தான் வேண்டும். தண்டலில் நியாயத்துக்கு மீறிய வட்டி ஓடினால், கந்துவட்டிக்கு எதிரான 2003ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். முன்னாள் படைவீரர் நல அலுவலகம் என்று பெயர் இருந்தாலும், பணியில் இருப்பவர்களின் குடும்பக் குறைகளையும் அங்கே கேட்பார்கள். மனைவியை ஒருமுறை போய்வரச் சொல்லுங்கள்.

கையில் காசு வாங்கிக்கொண்டு மட்டும் சரக்குக் கொடுத்து, ஐந்து பேரை வைத்து நடத்தினால் நட்டமில்லாமல் ஓடுமா என்று தை முகூர்த்தங்கள் முடியும்வரை பாருங்கள். ஓடினால் ஓடட்டும். ஓடாவிட்டால் சித்திரைக்கு முன் மூடிவிடுங்கள்; மெஷினை விற்று மண்டிக் கணக்கைத் தீருங்கள். அப்பாவின் உடல்நிலை இன்னும் மோசமானால், குடும்பச் சூழலைக் காட்டி ஊருக்கு அருகில் போஸ்டிங் கேட்டு உங்கள் யூனிட்டில் விண்ணப்பிக்கலாம். டிஸ்சார்ஜ் மனுவுக்கு முன்னால் எழுத வேண்டியது அதுதான்.

நோட்டோடு உட்காரும் நாளில் அந்தப் பக்கத்தை நீங்களாகக் கிழிக்காதீர்கள்; ‘இதெல்லாம் எதுக்குப்பா’ என்று சிரித்து மூடவும் செய்யாதீர்கள். அவருக்கு எதிரில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சத்தமாகப் படியுங்கள். படித்து முடித்த பிறகு, அந்தக் கடன் தீர்ந்தது என்று எழுதும்படி அவரிடம் கேளுங்கள். எழுத வேண்டியது அவர் கை. அதற்கு ஒருநாள் ஆனாலும் ஒரு வாரம் ஆனாலும் பக்கத்திலேயே இருங்கள்.