இரண்டே நாளில் அரிப்பை நிறுத்தும் கிரீம்

கேள்வி: ஐயா, என் வீட்டுக்காரர் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார். இரண்டு மாதமாகத் தொடை இடுக்கில் படர்தாமரை. இரவுச் சந்தையில் 8 வெள்ளிக்கு ஒரு கிரீம் வாங்கினோம். இரண்டே நாளில் அரிப்பு நின்றது. பூசுவதை விட்டதும் முன்பைவிடப் பெரிதாகப் படர்ந்துவிட்டது. இப்போது மகன் கழுத்திலும் காசு அளவில் ஒரு வட்டம். இன்னும் இரண்டு டியூப் வாங்கலாமா?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: வேண்டாம்மா. கையில் இருக்கும் டியூபைத் திருப்பி, பொடி எழுத்தில் உள்ள மருந்துப் பெயர்களைப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு, அதாவது சிவப்பையும் அரிப்பையும் அடக்கும் மருந்து. படர்தாமரையோ பூஞ்சையால் வருவது. ஸ்டீராய்டு பூஞ்சையைக் கொல்லாது. பூஞ்சையோடு தோல் மல்லுக்கட்டுவதால்தான் சிவப்பும் அரிப்பும் வருகின்றன. அந்தச் சண்டையை ஸ்டீராய்டு நிறுத்திவிட்டால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்தான். வட்டத்தின் விளிம்பும் கலைந்துபோவதால் டாக்டருக்கே சட்டென அடையாளம் தெரியாது. இடுக்குத் தோல் மெல்லியது வேறு. நாள்பட்டால் வரிவரியாகத் தழும்பு விழும். விழுந்தால் முழுதாகப் போகாது.

டியூபில் மருந்துப் பெயரே இல்லையா? அது இன்னும் மோசம். நம் மலேசியாவில் மருந்துப் பெட்டியில் ‘எம்ஏஎல்’ (MAL) என்று தொடங்கி 8 இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட பதிவு எண்ணும், ஹோலோகிராம் ஒட்டியும் இருக்க வேண்டும். கள்ளச் சரக்கிலும் எண்ணை அச்சடிப்பார்கள். அதனால் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் இணையப் பக்கத்தில் எண்ணைத் தட்டி, அதே பெயர் வருகிறதா என்று பாருங்கள். பதிவில்லாத மருந்தை விற்பது 1984ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி குற்றம். டியூபை எறியாமல் வையுங்கள். மாநிலச் சுகாதாரத் துறையின் மருந்தக அமலாக்கப் பிரிவில் புகார் செய்ய உதவும். அந்த 8 வெள்ளி திரும்புமா என்று கேட்காதீர்கள். ரசீது இல்லாத சந்தை வியாபாரம் அது.

இரண்டு மாதம் ஆகிவிட்டது, ஸ்டீராய்டும் பட்டிருக்கலாம் என்பதால் முதலில் அரசாங்கக் கிளினிக்கில் காட்டிவிடுங்கள். குடிமக்களுக்கு 1 வெள்ளிதான். இனிப்பு நீர் (நீரிழிவு) இருக்கிறதா என்றும் சோதிக்கச் சொல்லுங்கள். அது கட்டுப்படாவிட்டால் பூஞ்சையும் லேசில் போகாது. பழைய கிரீமை நிறுத்தியதும் சில நாள் சிவந்து எரியலாம். அதைப் பார்த்துப் பயந்து மறுபடி அதையே எடுத்துப் பூசிவிடாதீர்கள்.

இனி இப்படி வந்தால் பார்மசியில் பூஞ்சை மருந்து ஒன்று மட்டும் உள்ள டியூபாகக் கேளுங்கள். குளோட்ரிமசோல் 1% என்றால் தினம் இரண்டு வேளை, இரண்டு முதல் நான்கு வாரம். டெர்பினாஃபின் 1% பொதுவாக விலை கூடுதல். ஆனால் இடுக்குக்குத் தினம் ஒரு வேளையாக ஒன்று, இரண்டு வாரம் போதும். ஆக, டியூபின் விலையை மட்டும் பார்க்காமல் எத்தனை டியூப் ஆகும் என்று கணக்குப் போடுங்கள். வட்டத்துக்கு வெளியே இரண்டு விரல் அகலம் சேர்த்துப் பூசுங்கள். மறைந்துவிட்டதே என்று பாதியில் விடுவதுதான் நம்மவர்களின் பெரிய தப்பு.

குளியலறைக் கதவுக்குப் பின்னால் தொங்கும் துண்டு வீட்டில் எல்லாருக்கும் ஒன்றுதானே? பையன் கழுத்துக்கு அதில் வந்திருக்கலாம். ஆளுக்கொரு துண்டு, அதுவும் வெயிலில் காய்ந்ததாக இருக்கட்டும். வீட்டுக்காரர் வேலைவிட்டு வந்ததும் பூட்ஸையும் ஈரக் காற்சட்டையையும் கழற்றிவிட்டு, குளித்து, இடுக்கை நன்றாகத் துடைத்த பிறகே மருந்து பூச வேண்டும். கால் விரல் இடுக்கையும் பாருங்கள். அங்கே சேற்றுப்புண் இருந்தால் உள்ளாடை வழியே மேலே ஏறும். வீட்டில் முடி கொட்டிய பூனைக்குட்டி இருந்தால் அதிலிருந்தும் தொற்றலாம், அதன் மேலும் ஒரு கண் வையுங்கள். பையனுக்கு வட்டம் தலைமுடிக்குள் போயிருந்தால் கிரீம் வேலைக்காகாது, டாக்டர் தரும் வாய்வழி மருந்துதான்.

பாட்டிமார் சீமை அகத்தி இலையை அரைத்துப் பூசுவார்கள். மலாய்க்காரர்கள் கெலெங்காங் என்பது அதைத்தான். பூஞ்சையை எதிர்க்கும் குணம் அதற்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சொறிந்து புண்ணான இடத்தில் தேய்த்தால் எரிச்சல் தாங்காது.

கேள்வி: என் மார்பில் வெள்ளை வெள்ளையாகத் தேமல். இதற்கும் அதே கிரீம்தானா?
- வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: இது வேறு பூஞ்சை, எல்லார் தோலிலும் இருப்பதுதான், வியர்வையில் பெருகும், அடுத்தவருக்குத் தொற்றாது. பரந்த இடத்துக்கு கிரீம் வாங்கிக் கட்டுப்படியாகாது. கீட்டோகோனசோல் 2% ஷாம்பு ஒரு போத்தல் வாங்கி, குளிக்கும்போது மார்பில் தேய்த்து ஐந்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். ஐந்து நாள் செய்யுங்கள். பூஞ்சை செத்தாலும் தோல் நிறம் திரும்ப மாதக்கணக்கில் ஆகும். அதற்குள் மருந்து கேட்கவில்லை என்று இரண்டாவது போத்தல் வாங்கிவிடாதீர்கள்.