உபுண்டுவில் அப்டேட் போட்டு ரீபூட் செய்ததும் 'கெர்னல் பேனிக்... அன்நோன் பிளாக் (0,0)' என்று நின்றுவிடுகிறது. நண்பர் ரீஇன்ஸ்டால் செய்யச் சொல்கிறார். வேறு வழி உண்டா?

உண்டு. ரீஇன்ஸ்டால் இப்போதைக்கு வேண்டாம்.

நீங்கள் குறித்து வைத்திருக்கும் அந்த (0,0)-வே பெரிய துப்பு. கெர்னல் (சிஸ்டத்தின் மையப் பகுதி) ஏறிவிட்டது; சிஸ்டம் இருக்கும் ரூட் பார்ட்டிஷனைத்தான் அதனால் கண்டுபிடிக்க முடியவில்லை. உடனே டிஸ்க் போய்விட்டது என்று பயப்படாதீர்கள். டிஸ்க்கைப் படிக்கத் தேவையான டிரைவர்களைச் சுமந்து வருவது இனிட்ராம்எஃப்எஸ் என்ற கோப்பு. புது கெர்னலுக்கு அது உருவாகவே இல்லை, அல்லது பாதியில் அறுந்துவிட்டது.

ஏன்? பெரும்பாலும் கெர்னல் கோப்புகள் இருக்கும் பூட் பார்ட்டிஷன் நிரம்பியிருக்கும். டிஸ்க்கை என்கிரிப்ட் செய்து நிறுவியிருந்தால் பூட் தனிப் பார்ட்டிஷனாக, சின்னதாக இருக்கும். ஒவ்வொரு கெர்னல் வரும்போதும் அதில் கோப்புகள் சேரும். இடம் இல்லை என்று அப்டேட் சொல்லத்தான் செய்யும், ஆனால் ஓடுகிற நூறு வரிகளுக்கு நடுவே யார் பார்க்கிறார்கள்? நானும் பார்க்கவில்லை. ராத்திரி முழுக்க ரேமைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்.

மெஷினை ஆன் செய்ததும், பழைய பயாஸ் என்றால் ஷிஃப்ட்டை அழுத்திப் பிடியுங்கள். புதிய மெஷின்களில் வரும் யூஇஎஃப்ஐ என்றால் எஸ்கேப்பை ஒரே ஒரு முறை தட்டுங்கள். பதற்றத்தில் பலமுறை தட்டினால் கிரப் (கெர்னலைத் தேர்ந்தெடுத்து ஏற்றும் நிரல்) கட்டளை வரியில் போய் விழுவீர்கள். விழுந்தால் 'நார்மல்' என்று அடித்து என்டர், உடனே மறுபடி ஒரு எஸ்கேப். மெனு வந்ததும் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே போய் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். அப்டேட் போட்டாலும் வழக்கமாகப் பழையது ஒன்றாவது அங்கே இருக்கும்.

உள்ளே வந்துவிட்டால் முக்கால் வேலை முடிந்தது. டெர்மினலில் 'டிஎஃப் -எச்' போட்டு பூட் 100% என்று காட்டுகிறதா பாருங்கள். (கட்டளைகளை உச்சரிப்பில் எழுதுகிறேன், ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.) நிரம்பியிருந்தால் எல்லோரும் 'ஆப்ட் ஆட்டோரிமூவ்' போடச் சொல்வார்கள். அது, பாதியில் நிற்கும் பேக்கேஜை முதலில் சரிசெய் என்று மறுக்கலாம். சரிசெய்யப் போனால் இடம் இல்லை என்று அது நிற்கும். இந்தச் சுழலில்தான் பலர் வெறுத்துப்போய் ரீஇன்ஸ்டாலுக்குப் போகிறார்கள்.

வெளியே வர: 'யுநேம் -ஆர்' போட்டு இப்போது எந்தக் கெர்னலில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். அதைத் தொடவே கூடாது. அதைவிடப் பழைய கெர்னலின் இனிட்ஆர்டி கோப்பை (பூட்டில் இனிட்ராம்எஃப்எஸ் இந்தப் பெயரில்தான் இருக்கும்) 'சூடோ எம்வி' கட்டளையால் ஹோமுக்கு நகர்த்துங்கள். அழிக்காதீர்கள், நகர்த்தினால் போதும். இடம் கிடைத்ததும் 'சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ', அது முடிந்ததும் 'சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ்', கடைசியாக 'சூடோ அப்டேட்-கிரப்'. ரீபூட் செய்வதற்கு முன் பூட் அடைவுக்குள் எட்டிப் பாருங்கள்: புது கெர்னலுக்கு இனிட்ஆர்டி இருக்கிறதா, அதன் அளவு பழையதன் அளவை ஒட்டி இருக்கிறதா? ரொம்பச் சின்னதாக இருந்தால் இன்னும் சரியாகவில்லை.

பழைய கெர்னலும் ஏறவில்லை என்றால் லைவ் யூஎஸ்பியில் (உபுண்டுவை நிறுவப் பயன்படும் பென் டிரைவ்) ஏறி, ரூட், பூட் பார்ட்டிஷன்களை மவுண்ட் செய்து, டெவ், ப்ராக், சிஸ், ரன் நான்கையும் பைண்ட் செய்து, சிஎச்ரூட் கட்டளையால் டிஸ்க்கில் உள்ள சிஸ்டத்துக்குள் நுழைந்து இதே வேலைதான். என்கிரிப்ட் செய்த டிஸ்க்கைத் திறக்கும்போது மட்டும் கிரிப்ட்டேப் கோப்பில் (என்கிரிப்ட் செய்த டிஸ்க்குகளின் பட்டியல்) உள்ள அதே பெயரைக் கொடுங்கள். வேறு பெயர் கொடுத்தால் புதிதாக உருவாகும் இனிட்ராம்எஃப்எஸ்ஸில் டிஸ்க்கைத் திறக்கும் வசதி விட்டுப்போகலாம். அப்புறம் இன்னொரு இரவு போய்விடும்.

பூட்டில் இடம் தாராளமாக இருந்தால் என் ஊகம் தவறு. அப்போது வார்-லாக்-ஆப்ட் அடைவில் உள்ள ஹிஸ்டரி லாக் கோப்பின் கடைசிப் பத்தியை இங்கே போடுங்கள், பார்க்கலாம்.