எஃப் கார்டும் அடுத்த கிதாரும்

அன்புள்ள ஐயா,

எனக்கு 36 வயது. திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை. சென்ற ஆண்டு இணையத்தில் 5,500 ரூபாய்க்கு ஒரு அக்கூஸ்டிக் கிதார் வாங்கினேன். பத்து மாதமாக வகுப்புக்குப் போகிறேன். ஜி, டி, ஈ மைனர் கார்டுகள் (பல தந்திகள் சேர்ந்து ஒலிக்கும் பிடிகள்) எல்லாம் சுத்தமாக வருகின்றன. எஃப் கார்டு மட்டும் வரவே இல்லை. ஆள்காட்டி விரலை எவ்வளவு அழுத்தினாலும் இரண்டு தந்திகள் செத்துப்போகின்றன. சுருதி பார்க்கும் ட்யூனர் ஆறு தந்திக்கும் பச்சை காட்டுகிறது, ஆனால் சி கார்டு வாசித்தால் ஏதோ கசக்கிறது. என் காதுதான் சரியில்லை போல. மாஸ்டர், "இந்தக் கிதாரில் இவ்வளவுதான், நல்லதாக வாங்குங்கள்" என்கிறார். 45,000 ரூபாய் வரை செலவழிக்க முடியும். இரண்டு டிரெட்நாட் (பெரிய உடல்) கிதார்களைப் பார்த்துவைத்திருக்கிறேன், இரண்டும் சாலிட் டாப் (மேற்பலகை ஒட்டுப்பலகை அல்லாத முழு மரம்). ஒன்றில் முதுகும் பக்கமும் ரோஸ்வுட், மற்றதில் மஹோகனி. வாழ்நாள் முழுக்கப் போதும் என்கிற கிதார் எது? இந்த வயதில் தொடங்கியதே தவறா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முப்பத்தாறெல்லாம் ஒரு வயதா? அந்தக் கேள்வியை இத்தோடு விட்டுவிடுவோம்.

உங்கள் கடிதத்தில் மனதில் தைத்தது "என் காதுதான் சரியில்லை போல" என்ற வரி. ஆசையோடு கிதார் வாங்கி, ஒரு வருடத்துக்குள் அதைப் பரண்மேல் ஏற்றிவிடுகிறவர்களைப் பற்றிச் சில காலமாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவர்களில் பெரும்பாலானோர் எஃப் கார்டில்தான் நின்றுபோகிறார்கள். விரல் சரியில்லை, காது சரியில்லை, நமக்குக் கொடுப்பினை இல்லை என்று தங்களையே குறைசொல்லிக்கொண்டு விலகிவிடுகிறார்கள்.

உங்கள் காது நன்றாக இருக்கிறது. நீங்கள் எழுதியதையே திரும்பப் படித்துப் பாருங்கள். சுத்தமாக வருகிறது என்று சொன்ன மூன்று கார்டுகளில் விரல்கள் இரண்டாவது, மூன்றாவது ஃப்ரெட்டில்தான் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) விழுகின்றன. ஜி, டி, ஈ மைனர் மூன்றிலும் முதல் ஃப்ரெட்டுக்கு வேலையே இல்லை. கசக்கிறது என்கிற சி கார்டில் இரண்டாம் தந்தியை முதல் ஃப்ரெட்டில் பிடிக்கிறீர்கள். வரவே இல்லை என்கிற எஃப் கார்டில் ஆள்காட்டி விரல் முழுவதும் முதல் ஃப்ரெட்டில் படுத்திருக்கிறது. ஆக, கோளாறு முதல் ஃப்ரெட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே இருப்பது நட். தலைப்பகுதிக்குக் கீழே, ஆறு பள்ளம் வெட்டிய வெள்ளைப் பட்டை. உங்கள் கிதாரில் அந்தப் பள்ளங்கள் ஆழம் போதாமல் இருக்கின்றன. தொழிற்சாலையில் அவற்றை வேண்டுமென்றேதான் உயரமாக விடுகிறார்கள். ஆழம் குறைந்தால் வாசிக்கக் கஷ்டம், அவ்வளவுதான். ஆழம் கூடிவிட்டால் தந்தி ஃப்ரெட்டில் இடித்து இரையும், கடைக்குத் திரும்பி வந்துவிடும். விலை குறைந்த கிதாருக்கு ஒவ்வொரு பள்ளமாக அளந்து வெட்ட அவர்களுக்கு நேரமில்லை.

நட் உயரமாக இருந்தால் இரண்டு கெடுதல். முதல் ஃப்ரெட்டில் தந்தியைக் கீழே கொண்டுவர அதிக பலம் வேண்டியிருக்கும். அதைவிட மோசம், கீழே அழுத்தும்போது தந்தி இழுபட்டு, சுருதி ஏறிவிடும். ட்யூனர் பார்ப்பது திறந்த தந்தியை. அது சரியாகத்தான் இருக்கும். விரல் வைத்த ஸ்வரம் மட்டும் தூக்கலாக ஒலிக்கும். அந்தக் கசப்பைக் கேட்டுப் பிடித்திருக்கிறீர்கள், அதற்குப் போய் காதைக் குறை சொல்கிறீர்கள்!

சோதிக்க ஒரு நிமிடம் போதும். ஒரு தந்தியை இரண்டாவது ஃப்ரெட்டுக்கும் மூன்றாவது ஃப்ரெட்டுக்கும் நடுவில் அழுத்திப் பிடியுங்கள். இப்போது முதல் ஃப்ரெட்டின் தலைக்கும் தந்திக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று வெளிச்சத்துக்கு எதிரே வைத்துப் பாருங்கள். மெல்லிய முதல் தந்திக்கு 0.1 மி.மீ. இருந்தால் போதும், சாதாரண ஜெராக்ஸ் தாளின் கனம்தான் அது. தடித்த ஆறாம் தந்திக்கு 0.2 மி.மீ. வரை இருக்கலாம். தாளை நான்காக மடித்து நுழைத்தாலும் தாராளமாகப் போகிறது என்றால் சந்தேகமே வேண்டாம். இன்னொரு சோதனை: முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாத் தந்திகளையும் சேர்த்து அழுத்தும் கிளிப்) மாட்டி, தந்திகளை மறுபடி ட்யூன் செய்து, எஃப் பிடியை ஒரு ஃப்ரெட் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். கேப்போ மாட்டியதும் நட்டுக்கு வேலை போய்விடுகிறது. இரண்டு செத்த தந்திகளும் உயிர்பெற்றால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும்.

பத்து மாதம் சொல்லிக்கொடுத்த உங்கள் மாஸ்டர் மீது எனக்குக் கோபம் வருகிறது. மாணவனின் கிதாரை ஒருமுறை கையில் வாங்கி, மூன்றாவது ஃப்ரெட்டில் ஒரு விரல் வைத்துப் பார்த்திருக்கலாம். நாற்பத்தைந்தாயிரம் செலவழிக்கச் சொல்வதற்கு முன்னால் செய்யவேண்டிய குறைந்தபட்ச மரியாதை அது. உங்களையும் விடப்போவதில்லை. இவ்வளவு நீளமான கடிதத்தில் தந்தி மாற்றியதாக ஒரு வரிகூட இல்லை. பத்து மாத வியர்வை ஏறிய தந்தி துருப்பிடித்து, ஒலி மங்கி, சுருதியிலும் நிற்காது. முதலில் அதைக் கழற்றி எறியுங்கள். கிதாரோடு வந்தவை பெரும்பாலும் 12 கேஜாக இருக்கும். கனம் குறைந்த 10-47 செட் வாங்குங்கள். முதல் தந்தி 0.012 அங்குலம் என்றால் ஏறக்குறைய பத்தரை கிலோ இழுவிசை, 0.010 என்றால் ஏழரை கிலோவுக்கும் குறைவு. விரலுக்கு அந்த வித்தியாசம் அன்றைக்கே தெரியும்.

இனி நட் வேலை. அதைத் தொடுவதற்கு முன் நெக்கின், அதாவது கழுத்தின், வளைவைப் பார்க்கவேண்டும். முதல் ஃப்ரெட்டில் கேப்போ, வலது கையால் ஆறாம் தந்தியைப் பதினான்காவது ஃப்ரெட்டில் அழுத்துங்கள். ஏழாவது ஃப்ரெட்டின் மேல் 0.2 முதல் 0.3 மி.மீ. இடைவெளி இருக்கவேண்டும். அளக்க ஃபீலர் கேஜ் (வெவ்வேறு கனமுள்ள மெல்லிய உலோகத் தகடுகள்) வேண்டும். டூவீலர் ஸ்பேர்ஸ் கடையில் டாப்பெட் அளக்க விற்பதே போதும். இடைவெளி கூடுதலாக இருந்தால் டிரஸ் ராடை (நெக்குக்குள் ஓடும் உலோகக் கம்பி) வலப்பக்கமாக எட்டில் ஒரு சுற்று, அதிகம் போனால் கால் சுற்று. தந்தியைச் சுருதி சேர்த்து மறுபடி அளங்கள். ஆலன் கீ இறுகினால் அங்கேயே நிறுத்துங்கள், பலம் காட்டினால் ராடு மரை போய்விடும். தந்தி உயரமாக இருக்கிறது என்று டிரஸ் ராடை முறுக்கும் பழக்கம் பல கடைகளில் உண்டு. அது நெக்கைப் பின்பக்கம் வளைத்து முதல் நான்கைந்து ஃப்ரெட்டுகளில் இரைச்சலைக் கொண்டுவரும். டிரஸ் ராடு வளைவைச் சரிசெய்வதற்கு மட்டுமே.

வளைவு சரியானதும் நட். ஒவ்வொரு தந்திக்கும் அதன் கனத்துக்கேற்ற அரம் இருக்கிறது. ஹேக்ஸா பிளேடால் அறுக்கப் போகாதீர்கள். இரண்டு இழுப்பு, தந்தியைத் திரும்பப் போட்டுச் சுருதி சேர்த்து அளவு, மறுபடி இரண்டு இழுப்பு. இப்படித்தான் இறங்கவேண்டும். பள்ளத்தின் தரை தலைப்பக்கமாகச் சரிந்திருக்கவேண்டும். தந்தி நட்டை விட்டு எழும் இடம் ஃப்ரெட் பலகையை ஒட்டிய முன்விளிம்பாக இருக்கவேண்டும். சரிவு தப்பித் தந்தி பின்பக்கம் தொட்டு முன்பக்கம் உரசினால், தம்பூராவில் ஜீவாளி நூல் வைத்ததுபோல் திறந்த தந்தி இரையும். பள்ளம் ஒடுக்கமாக இருந்தால் தந்தி அதில் சிக்கும். சுருதி சேர்க்கும் பிருடையைத் திருப்பும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் வந்து சுருதி எகிறினால் அதுதான் காரணம். பென்சில் கரியைத் தடவினால் கொஞ்ச நாள் தாங்கும், சரியான அரம் போட்டு அகலப்படுத்துவதே முறை. கை தவறி அதிகமாக வெட்டிவிட்டால் திறந்த தந்தி முதல் ஃப்ரெட்டில் இடிக்கும். பள்ளத்தில் சமையல் சோடாவைத் தூவி ஒரு சொட்டு ஃபெவிக்விக் விட்டால் கல்லாக இறுகும், திரும்ப வெட்டிக்கொள்ளலாம். தற்காலிக வைத்தியம்தான், எலும்பு நட் ஒன்று போடும்வரை ஓடும்.

அரங்களை விலைகொடுத்து வாங்காதீர்கள். கோவையில் கிதார் பழுதுபார்ப்பவர் யாராவது இருப்பார். "செட்டப் செய்யுங்கள்" என்று பொதுவாகச் சொல்லிக் கொடுத்துவிட்டு வராமல், பக்கத்தில் உட்கார்ந்து, "முதல் ஃப்ரெட்டில் 0.1 வேண்டும்" என்று கேளுங்கள். புதுக் கிதாருக்கு வைத்திருக்கும் பணத்தில் சின்னத் துண்டுதான் இதற்கு ஆகும்.

சாடில் எனும் கீழ்ப்பட்டையை உப்புத்தாளில் நீங்களே தேய்க்கலாம். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஆறாம் தந்தியில் 2.4 மி.மீ., முதல் தந்தியில் 1.8 மி.மீ. இருந்தால் நல்லது. அங்கே ஒரு மி.மீ. குறைய சாடிலின் அடியில் இரண்டு மி.மீ. போகவேண்டும். பன்னிரண்டாவது ஃப்ரெட் தந்தியின் சரிபாதி என்பதால் இந்தக் கணக்கு. கண்ணாடித் துண்டின்மேல் 120, 220 நம்பர் தாளை ஒட்டி, அடிப்பக்கம் சமமாக இருக்கும்படி நேராகத் தேயுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு இதே ஐயாயிரத்து ஐந்நூறு ரூபாய் கிதாரை ஆறு மாதம் வாசியுங்கள். இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். இப்போது உங்களிடம் இருப்பது "சரியாக வரவில்லை" என்கிற ஒரு முறையீடு மட்டுமே. அதை வைத்துக்கொண்டு எந்தக் கிதாரையும் தேர்ந்தெடுக்க முடியாது. விற்பவர் சொல்வதை வாங்கி வருவீர்கள், அதிலும் நட் உயரமாகவே இருக்கும்.

ஸ்பெயின் நாட்டுக் கிதார் மேதை ஆந்த்ரேஸ் செகோவியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1912இல் மாட்ரிட்டில் மனுவேல் ராமிரஸின் பட்டறையிலிருந்து அவருக்குக் கிடைத்த கிதாரை வாசித்துக்கொண்டுதான் ஐரோப்பாவெங்கும் போனார். 1924இல் மியூனிக்கில் ஹெர்மன் ஹவுசர் என்ற கைவினைஞர் அதைப் பார்த்தார், அளந்தார், அதன் வழியில் கிதார்களைச் செய்து செகோவியாவிடம் காட்டத் தொடங்கினார். செகோவியா மனநிறைவோடு ஏற்றுக்கொண்ட கிதார் வந்தது 1937இல். இடையில் பதின்மூன்று வருடம்! அத்தனை காலம் பழைய கிதார்தான் கையில். அதை முழுவதும் அறிந்திருந்ததால்தான் புதியதில் எது போதவில்லை என்று அவரால் சொல்ல முடிந்தது. ஹவுசரின் அந்தக் கிதாரை 1962 வரை வாசித்தார். இரண்டுமே இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

ஆறு மாதம் கழித்து உங்கள் முறையீடு மாறியிருக்கும். விரலால் மீட்டும்போது தந்திகள் நெருக்கமாக இருக்கின்றன என்பீர்கள், அல்லது மெதுவாக வாசித்தால் ஒலி எழும்பவில்லை என்பீர்கள், தோள் வலிக்கிறது என்பீர்கள். முதலாவதற்கு 43 மி.மீ.க்குப் பதில் 44.5 மி.மீ. அகல நட். இரண்டாவதற்கு சாலிட் டாப். மூன்றாவதற்குச் சின்ன உடல்.

ரோஸ்வுட்டா மஹோகனியா என்பதில் மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். ஸ்பெயின் நாட்டு அன்டோனியோ டி டோரஸ் 1862இல் முதுகும் பக்கமும் காகிதக் கூழ் அட்டையால் ஆன ஒரு கிதாரைச் செய்தார். ஒலியைத் தருவது மேற்பலகைதான் என்று காட்டவே அதைச் செய்தார். பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நாற்பத்தைந்தாயிரம் ரூபாய் வரம்புக்குள் முதுகும் பக்கமும் எப்படியும் ஒட்டுப்பலகையாகவே இருக்க வாய்ப்பு அதிகம். மேலே ஒட்டிய மெல்லிய தோலின் பெயரைத்தான் கடையில் உங்களுக்குச் சொல்கிறார்கள்.

நீங்கள் குறித்துவைத்த இரண்டுமே டிரெட்நாட். கீழ்ப்பகுதி ஏறத்தாழ 397 மி.மீ. அகலம், ஆழமும் அதிகம். நாள் முழுக்க நாற்காலியில் குனிந்து வேலை செய்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து வாசிக்கிறவருக்கு வலது தோள் மேலேறியே நிற்கும். மேடையில் நின்றுகொண்டு பாட்டுக்கு ஸ்ட்ரம் செய்யப்போவதில்லை என்றால் ஓ.எம். அல்லது டிரிபிள் ஓ எனும் சிறிய உடல் அளவைப் பாருங்கள், கீழ்ப்பகுதி 381 மி.மீ. டிரிபிள் ஓவில் தந்தி நீளமும் கொஞ்சம் குறைவு, அதனால் இழுவிசையும் குறையும்.

இணையத்தில் வாங்காதீர்கள். கடைக்குப் போகும்போது ஃபீலர் கேஜும் ஒரு நீள ஸ்டீல் ஸ்கேலும் எடுத்துப் போங்கள். ஸ்கேலை ஃப்ரெட்டுகளின்மேல் கிடத்தி பிரிட்ஜ்வரை (சாடில் பதிந்திருக்கும் மரத்துண்டு) நீட்டினால் அதன் நுனி பிரிட்ஜ் மரத்தின் மேல்மட்டத்தைத் தொடவேண்டும். கீழே போய் மரத்தின் பக்கவாட்டில் இடித்தால் நெக்கின் கோணம் தப்பு; அதை எந்த அரத்தாலும் சரிசெய்ய முடியாது, எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சாடில் பிரிட்ஜுக்கு மேல் மூன்று மி.மீ.யாவது தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு மூன்றாவது ஃப்ரெட்டில் விரலை வைத்து முதல் ஃப்ரெட்டைப் பாருங்கள், ஆறு தந்திக்கும். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போங்கள்.