தட்டைத் திருப்பிப் பாருங்கள்: வாசகர் கேள்வி – பதில்

டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனில் குடியேறுவோர் கவனிக்க வேண்டியவற்றைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கடிதங்களில் பெரும்பாலானவை கடைகளைப் பற்றியே கேட்டிருந்தன. அவற்றுள் நான்கு கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் மகள் கோபன்ஹேகனில் மேற்படிப்பில் சேர்ந்திருக்கிறாள். ஜூன் மாதம் நானும் என் கணவரும் இரண்டு வாரம் அங்கே போய், அவளுடைய அறைக்கு வேண்டிய படுக்கை, பாத்திரம் எல்லாவற்றையும் வாங்கித் தர நினைக்கிறோம். பெரிய கடைகள் என்றால் மேகசின், இல்லும் என்கிறார்கள். எல்லாவற்றையும் அங்கேயே வாங்கிவிடலாமா?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: சகோதரி, அந்த இரண்டு கடைகளையும் அவசியம் பாருங்கள், ஆனால் ஒரு மாணவியின் அறைக்கு வேண்டியதை அங்கே வாங்காதீர்கள். மேகசின் டு நோர் என்பது 1868-இல் ஆர்ஹூஸ் நகரத்தில் வெட், வெஸ்ஸெல் என்ற இருவர் தொடங்கிய துணிக்கடையிலிருந்து வளர்ந்தது. இன்று கொங்கென்ஸ் நியூடோர்வ் சதுக்கத்தில் அரண்மனையைப் போல நிற்கும் அதன் கட்டடம் 1890-களில் எழுந்தது. அதற்கு முன் அந்த இடத்தில் இருந்த ‘ஓட்டல் டு நோர்’ என்ற விடுதியின் பெயரில்தான் கடைக்கும் பெயர் வந்தது. குழந்தைகளுக்கான கதைகளால் உலகப் புகழ் பெற்ற ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் மாணவராக இருந்தபோது 1827-இல் குடியிருந்த சிறு மாடியறையும் இந்தக் கடையை ஒட்டிய பழைய வீட்டில்தான் இருக்கிறது. இல்லும் 1891-இல் தொடங்கப்பட்டது. ஸ்ட்ரோயெட் என்ற நடைபாதைத் தெருவில் இருக்கிறது. 1962-இல் வண்டிகளை நிறுத்தி, மக்கள் நடப்பதற்கென்றே விட்ட தெரு அது. இரண்டு கடைகளிலும் விலை உயர்ந்த உடைகளும் வாசனைப் பொருள்களும் நல்ல வீட்டுப் பொருள்களும் கிடைக்கும். சுற்றிப் பார்ப்பதற்குக் காசு வேண்டாம்; யாரும் அருகில் வந்து நச்சரிக்கவும் மாட்டார்கள்.

படுக்கைக்கு யூஸ்க் கடைக்குப் போங்கள். 1979-இல் லார்ஸ் லார்சன் என்பவர் ஆர்ஹூஸில் படுக்கைக் கிடங்காகத் தொடங்கி, இன்று பல நாடுகளுக்குப் பரவியிருக்கும் கடை அது. ஐகியாவும் இருக்கிறது. இங்கே ஓர் அளவை நீங்கள் மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். டேனியர்களின் வழக்கமான தலையணை 60-க்கு 63 சென்டிமீட்டர்; ஏறக்குறைய சதுரம். நான் குடியேறிய முதல் ஆண்டில் ஊரிலிருந்து என் அம்மா கொடுத்தனுப்பிய ஆறு தலையணை உறைகளும் நீளமாக இருந்தன. ஒன்றை மாட்டிப் பார்த்தேன். பக்கவாட்டில் பிதுங்கியது, முனையில் ஒரு சாண் துணி தொங்கியது. அந்த உறைகளை இன்றும் பெட்டியில் வைத்திருக்கிறேன். ‘டூனெ’ என்று அவர்கள் சொல்லும் மெத்தென்ற போர்வை ஒருவருக்கு 140-க்கு 200 சென்டிமீட்டர். கணவனும் மனைவியும்கூட அங்கே ஆளுக்கொரு போர்வைதான் வைத்துக்கொள்கிறார்கள். ஆகவே ஊரிலிருந்து உறைகளும் போர்வைகளும் சுமந்து செல்லாதீர்கள். பெட்டியில் மிஞ்சும் இடத்தில் மிக்சியை வையுங்கள். மின்னழுத்தம் ஒன்றேதான், மாற்றுப் பிளக் மட்டும் வேண்டும்.

சமையலறையில் பெரும்பாலும் மின்அடுப்பு. பல இடங்களில் இண்டக்‌ஷன். குக்கர் எடுத்துச் செல்வதாக இருந்தால் வீட்டில் ஒரு காந்தத்தை அதன் அடியில் ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் எடுத்துச் செல்லலாம். ஒட்டாவிட்டால் அது அங்கே வெறும் பாத்திரம்தான். மற்ற சில்லறைச் சாமான்களுக்கு ஈமெர்கோ போன்ற பாத்திரக்கடைகள் உண்டு. இரும்பு வியாபாரத்திலிருந்து வந்த ‘இசென்க்ராம்’ என்ற பழைய சொல்லால்தான் கரண்டி முதல் கத்தரிக்கோல் வரை அத்தனை சாமானையும் டேனியர்கள் இன்றும் குறிப்பிடுகிறார்கள். நம் ஊர்ப் பாத்திரக்கடையில் நிற்கும் உணர்வு அங்கே எனக்குக் கொஞ்சம் வருகிறது.

எனினும், இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நீங்கள் போக வேண்டிய இடம் ‘கென்ப்ருக்’ என்று பலகை வைத்த மறுபயன்பாட்டுக் கடை. செஞ்சிலுவைச் சங்கமும் தேவாலய அமைப்புகளும் நடத்தும் இந்தக் கடைகளில் தொண்டர்களே விற்பனைக்கு நிற்கிறார்கள். மக்கள் கொடையாகத் தந்த பொருள்கள் சுத்தமாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். மற்றவர் புழங்கிய தட்டில் என் பெண் சாப்பிடுவதா என்று உங்களுக்குத் தோன்றலாம், எனக்கும் தோன்றியது. பேராசிரியர்களும் மருத்துவர்களும் அங்கே நின்று கிண்ணங்களைத் தேர்ந்தெடுப்பதைப் பார்த்த பிறகு அந்த எண்ணம் போய்விட்டது. நல்ல மரமேசையும் எஃகுப் பாத்திரமும் புதிய பொருளின் விலையில் ஒரு சிறு பங்குக்குக் கிடைக்கும்.

ஒரு நாள் விஷயம்: ஜூன் 5 அந்நாட்டின் அரசியலமைப்பு நாள். கடையடைப்புச் சட்டப்படி பெரிய கடைகள் அன்றும் மற்ற அரசு விடுமுறை நாள்களிலும் திறக்கக் கூடாது. சாதாரண ஞாயிற்றுக்கிழமைகளில் திறக்கலாம் என்று 2012-இல்தான் அந்தச் சட்டத்தைத் தளர்த்தினார்கள். கையில் ஒரு துணிப்பையும் இருக்கட்டும். இலவசமாகப் பை கொடுக்கக் கூடாது என்பதும் அங்கே சட்டம்.

கேள்வி: வெள்ளைப் பீங்கானில் நீலப் பூவேலை செய்த டேனிஷ் தட்டு ஒன்றை நண்பர் வீட்டில் பார்த்தேன். ஒரே ஒரு தட்டுக்கு அவ்வளவு விலையா என்று வியந்தேன். அந்த விலைக்குத் தகுதியானதுதானா? வாங்கினால் அசலை எப்படி அடையாளம் காண்பது?
— ஒரு வாசகர், சென்னை

பதில்: ஐயா, நான் மிகவும் நேசிக்கும் பொருளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் பார்த்தது ராயல் கோபன்ஹேகன் என்ற பீங்கான் தொழிற்சாலையின் ‘நீல வரிப்பூ’ வேலைப்பாடாக இருக்க வேண்டும். 1775-இல் அரசி யூலியானெ மரீயின் ஆதரவில் அந்தத் தொழிற்சாலை தொடங்கிய காலத்திலிருந்தே அந்தப் பூவேலை இருக்கிறது. அவர்களுடைய பட்டியலில் அதற்கு எண் 1. ஒரு சாப்பாட்டுத் தட்டுக்கு 1,197 தூரிகைக் கோடுகள் என்று கணக்குச் சொல்கிறார்கள். மெருகு ஏற்றுவதற்கு முன்பே கோபால்ட்டுச் சாயத்தால் கையால் தீட்டுகிறார்கள். தீட்டும்போது அது நீலமாகவே இராது. மங்கிய நிறத்தில்தான் இருக்கும். மெருகுக் குழம்பில் தோய்த்து ஏறக்குறைய 1,400 டிகிரி வெப்பத்தில் சுட்ட பிறகுதான் நீலம் வெளிப்படும். எனவே, தீட்டுபவர் தம் வேலையின் நிறத்தைக் காணாமலேயே கோடு இழுக்கிறார். இன்று இந்தத் தீட்டும் வேலையில் பெரும்பகுதி தாய்லாந்தில் நடக்கிறது என்பதையும் உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும். டென்மார்க்கில் செய்தது என்று எண்ணிப் பணம் கொடுத்துவிட்டுப் பிறகு வருந்தக் கூடாது. தாய்லாந்துப் பெண்களின் கைக்கும் அதே நேர்த்தி உண்டு என்பதே என் கருத்து.

அடையாளம் காண, தட்டைத் திருப்பிப் பாருங்கள். அடியில் நீலத்தில் மூன்று அலைக்கோடுகள் இருக்கும். டென்மார்க்கின் மூன்று நீரிணைகளான ஓரசுண்ட், பெரிய பெல்ட், சிறிய பெல்ட் ஆகியவற்றை அவை குறிக்கின்றன. அருகில் தீட்டியவரின் குறியும் இருக்கும். இனிதான் கவனிக்க வேண்டியது. பழம்பொருள் கடைகளுக்குப் பேர்போன ராவ்ன்ஸ்போர்கெடெ தெருவில் ஒருமுறை நான் ஒரு கிண்ணத்தை விலை கேட்டேன். கடைக்கார அம்மாள் பதில் சொல்லாமல் என் விரலைப் பிடித்து, கிண்ணத்தின் அடியில் அந்த அலைக்கோடுகளின் மேல் நகத்தால் தேய்க்கச் சொன்னார். மெருகில் மெல்லிய கீறல் ஒன்று நகத்தில் தட்டியது. சுட்டபோது சிறு புள்ளியோ வளைவோ விழுந்த பொருளைத் தொழிற்சாலையே இப்படிக் கீறி, இரண்டாம் தரம் என்று பிரித்துவிடுகிறது. கீறல் உள்ளதற்கு விலை குறைவு. முழுத்தரம் என்று சொல்லி யாராவது விற்றால் உங்கள் நகமே சாட்சி. நான் அந்தக் கீறல் கிண்ணத்தையே வாங்கினேன். அதன் குறை எங்கே இருக்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பதினோரு ஆண்டுகளாக அதில்தான் தயிர் வைக்கிறேன்.

விலைக்குத் தகுதியா என்ற கேள்விக்கு, அவர்கள் அதை வாங்கும் விதத்தைச் சொன்னால்தான் பதில் விளங்கும். நாம் சீர்வரிசைக்கு ஒரே நாளில் முழுத் தொகுதியாக வாங்கிவிடுகிறோம். டேனியர்களோ ஒவ்வொன்றாகச் சேர்க்கிறார்கள். என் பக்கத்து வீட்டுப் பாட்டிக்குப் பதினான்கு வயதில் தேவாலயத்தில் உறுதிப்பூசுதல் நடந்தபோது அவருடைய பாட்டி இரண்டு தட்டுகள் கொடுத்திருக்கிறார். பிறகு பிறந்தநாளுக்கு ஒன்று, கிறிஸ்துமஸுக்கு ஒன்று என்று வந்து, முப்பது வயதில்தான் பன்னிரண்டு பேருக்கான தொகுதி நிறைந்ததாம். இருநூற்றைம்பது ஆண்டுகளாக ஒரே பூவேலையை நிறுத்தாமல் விற்றுவருவதால்தான் இப்படிச் சேர்க்க முடிகிறது. உடைந்த தட்டுக்கு ஈடாக அதே தட்டை மறுபடி வாங்கவும் முடிகிறது. அமாகர்டோர்வ் சதுக்கத்தில் உள்ள அவர்களுடைய பெரிய கடையில் நீங்கள் ஒரே ஒரு சிறு தட்டைக் கேட்டாலும் முகம் சுளிக்காமல் எடுத்துக் காட்டுவார்கள். ஒன்று வாங்குங்கள் ஐயா, தொகுதி வேண்டாம்.

அங்கிருந்து சில அடி தூரத்தில் இல்லும்ஸ் பூலிஹூஸ் இருக்கிறது. இல்லும் கடையோடு இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். 1925-இல் கை தெசாவு என்பவர் ‘பூ’ என்ற பெயரில் தொடங்கிய கடை இது. நாற்காலி ஒரு கடையில், திரைச்சீலை ஒரு கடையில், கிண்ணம் ஒரு கடையில் என்று அலையாமல், ஒரு வீட்டில் அவை எப்படிச் சேர்ந்திருக்குமோ அப்படியே ஒரே இடத்தில் வைத்துக் காட்ட வேண்டும் என்பது அவருடைய எண்ணம். 1941-இல் இல்லும் நிறுவனம் அதை வாங்கியதால் இந்தப் பெயர் வந்தது. வீட்டுப் பொருள்களைப் பார்க்க உங்களுக்கு அரை நாள்தான் இருக்கிறது என்றால் இங்கே செலவிடுங்கள். கை போயெசன் என்ற டேனிஷ் வடிவமைப்பாளர் 1951-இல் செய்த மரக்குரங்கையும் இங்கே பார்க்கலாம். அதன் கைகால்களை எப்படி மடக்கித் தொங்கவிட்டாலும் நிற்கும்.

கேள்வி: அங்கே விளக்கு வாங்கி வந்தால் நம் வீட்டில் எரியுமா?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: எரியும். மின்னழுத்தம் இரண்டு நாட்டிலும் 230 வோல்ட்தான். அங்கத்திய விளக்குகளில் பல்பைத் திருகி மாட்டும் இ27 அல்லது இ14 பிடிப்பான் இருக்கும்; நம் ஊரில் அழுத்தித் திருப்பும் பல்பே பழக்கம் என்றாலும் திருகு பல்பும் எளிதாகக் கிடைக்கிறது. பிளக்கை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். போல் ஹென்னிங்சன் 1958-இல் வடிவமைத்த பிஎச்5 என்ற தொங்கு விளக்கை வாங்க எண்ணினால், அதைச் சாப்பாட்டு மேசைக்கு மேல் தாழ்வாகத் தொங்கவிட இடமிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல்பின் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்தும் நேரே கண்ணில் படாதபடி தகடுகளை அடுக்கிச் செய்த விளக்கு அது. உத்தரத்தை ஒட்டி மாட்டினால் அந்த வேலைப்பாடு வீணாகிவிடும்.

கேள்வி: டென்மார்க்கில் இருக்கும் என் அண்ணன் குடும்பத்தைப் பார்க்கப் போயிருந்தேன். அண்ணி தந்த பூச்சாடியின் பெட்டியில் விலை இல்லாத ஒரு சிறு வில்லை ஒட்டியிருந்தது. அது என்ன? அடுத்த முறை போகும்போது வரியைத் திரும்பப் பெற முடியும் என்கிறார்களே, உண்மையா?
— ஒரு வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: தங்கையே, அது ‘பியுட்டெமேர்க்கெ’, அதாவது மாற்று வில்லை. பரிசுக்கென்று வாங்குகிறோம் என்றால் கடையில் கேட்டு ஒட்டிக்கொள்ளலாம். பெற்றவர் அதைக் காட்டி, விலை தெரியாமலும் கொடுத்தவரைச் சங்கடப்படுத்தாமலும் வேறு பொருளாக மாற்றிக்கொள்ளலாம். கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு இந்த வில்லைகளுடன் கடைகளில் வரிசை நிற்கும். ஒரே தட்டு இரண்டு பேரிடமிருந்து வந்தால் ஒன்றைக் கிண்ணமாக்கிக்கொள்கிறார்கள். கடையில் நேரில் வாங்கிய நல்ல பொருளைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சட்டம் கடைக்காரரைக் கட்டாயப்படுத்தவில்லை; அவர்களாகத் தரும் வசதி அது. ஆகவே எத்தனை நாளுக்குள் என்று வாங்கும்போதே கேளுங்கள். பொருளில் குறை இருந்தால் நிலைமை வேறு. இரண்டு ஆண்டுகள் வரை முறையிடும் உரிமையைச் சட்டமே தருகிறது.

வரி விஷயமும் உண்மைதான். ‘மொம்ஸ்’ என்ற விற்பனை வரி 25 விழுக்காடு. விலைச்சீட்டில் அது சேர்ந்தே இருக்கும். 1,000 குரோனர் பொருளில் 200 குரோனர் வரி. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிக்கும் நீங்கள் அதில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். இடையில் நிற்கும் நிறுவனம் தன் கட்டணத்தைக் கழித்துக்கொள்வதால் முழுத் தொகை வராது. கடையிலேயே கடவுச்சீட்டைக் காட்டிப் படிவம் வாங்க வேண்டும். அங்கே குடியிருக்கும் உங்கள் அண்ணன் பெயரில் வாங்கினால் இந்த வசதி கிடையாது. பொருளை அவர் வீட்டில் விட்டுவிட்டு வந்தாலும் கிடையாது. கும்பகோணத்துச் சகோதரியும் இதைக் கவனிக்க வேண்டும்: மகளின் அறையில் தங்கிவிடும் பொருளுக்கு வரி திரும்பாது. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறும் கடைசி விமான நிலையத்தில்தான் படிவத்தில் ஒப்புதல் பெற வேண்டும். பிராங்க்பர்ட்டில் விமானம் மாறினால் அங்கே, கோபன்ஹேகனிலிருந்து நேரே தோகா வழியாகப் போனால் கோபன்ஹேகனிலேயே. அதிகாரி பொருளைக் காட்டச் சொல்லலாம். எனவே பயன்படுத்தாமல், ரசீதோடு, பெட்டி பிரிக்காமல் கைப்பையில் வைத்திருங்கள். பீங்கானுக்கும் அதுவே பத்திரமான இடம்.