கீமோவுக்குக் கொடுத்தார்கள், டிராஸ்டுசுமாப் ஊசிக்கு மறுக்கிறார்கள்

கேள்வி: அம்மாவுக்கு வயது 58. மார்பகப் புற்றுநோய், ஹெர்2 பாசிட்டிவ் (புற்றுநோய் செல்களில் ஹெர்2 என்ற புரதம் அதிகமாக இருக்கும் வகை). கீமோவோடு சேர்த்து ஆறு முறை, ஹெர்2-ஐக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்தை ஏற்றியபோது கேஷ்லெஸ் (காப்பீட்டு நிறுவனமே மருத்துவமனைக்குப் பணம் கட்டுவது) கிடைத்தது. கீமோ முடிந்துவிட்டது. இனி மூன்று வாரத்துக்கு ஒருமுறை டிராஸ்டுசுமாப் மட்டும், இன்னும் 12 டோஸ் போட வேண்டும் என்கிறார் டாக்டர். “இது கீமோதெரபி அல்ல, ஓ.பி.யிலேயே போட்டுக்கொள்ளலாம்” என்று டி.பி.ஏ. (காப்பீட்டு நிறுவனத்துக்காக க்ளெய்ம்களைக் கையாளும் இடைநிலை நிறுவனம்) மறுத்துவிட்டது. பாலிசி ஏழு வருடமாக விடாமல் ஓடுகிறது. என்ன செய்வது?
(வாசகர், விருதுநகர்)

பதில்: அடுத்த டோஸை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கேஷ்லெஸ் மறுத்தாலும் க்ளெய்ம் செய்யும் உரிமை போய்விடவில்லை. எப்படியாவது பணம் கட்டி ஊசியை ஏற்றிவிட்டு, ரீஇம்பர்ஸ்மென்ட் (கட்டிய பணத்தைத் திரும்பப் பெறுவது) கேளுங்கள். ஒவ்வொரு டோஸும் தனி க்ளெய்ம். முதல் க்ளெய்மின் முடிவு தெரியட்டும் என்று மற்ற பில்களை வைத்துக்கொண்டிருந்தால், கெடு தாண்டிவிட்டது என்று புதுக் காரணம் சொல்வார்கள்.

இந்த மாதிரி மறுப்புக்குப் பதில் எழுதும் பலர் “இதுவும் கீமோ மாதிரிதான்” என்று வாதாடித் தோற்கிறார்கள். டிராஸ்டுசுமாப் கீமோ அல்ல என்பது உண்மை. அது மோனோக்ளோனல் ஆன்டிபாடி, அதாவது குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டும் குறிவைக்க ஆய்வகத்தில் உருவாக்கிய எதிர்ப்புப் புரதம். உங்களுக்குச் சாதகமான இடமே அதுதான். 2019 செப்டம்பரில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வெளியிட்ட வழிகாட்டுதலில், பாலிசியிலிருந்து விலக்கக் கூடாத 12 நவீன சிகிச்சைகளின் பட்டியல் இருக்கிறது. ஊசியாகச் செலுத்தும் மோனோக்ளோனல் ஆன்டிபாடி அதில் ஒன்று. உள்நோயாளியாகவோ டே கேராகவோ (அட்மிட் ஆகி அன்றே வீடு திரும்புவது) மருத்துவமனையில் எடுத்தால் கொடுத்தாக வேண்டும். உங்கள் பாலிசிப் புத்தகத்தில் ‘நவீன சிகிச்சைகள்’ என்ற பகுதியைத் தேடி, அந்தப் பிரிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே சப்-லிமிட் (அந்தச் சிகிச்சைக்கு மட்டும் தனி உச்சவரம்பு) போட்டிருக்கலாம். போட்டிருந்தால் அந்தத் தொகைவரை தர வேண்டும். ஒரு பைசாவும் தர மாட்டோம் என்று சொல்ல முடியாது.

அடுத்தது பில். க்ளெய்ம் சாவது பெரும்பாலும் இங்கேதான். காலையில் போய் மதியம் திரும்பிவிடுவதால், பில்லிங் கவுன்ட்டரில் ‘ஓ.பி.’ என்று அடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். அந்த இரண்டு எழுத்து போதும், நிராகரிக்க. ஒவ்வொரு முறையும் டே கேர் அட்மிஷன் போடச் சொல்லுங்கள். அட்மிஷன், டிஸ்சார்ஜ் நேரத்தோடு டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்தின் பேட்ச் எண் உள்ள பில், மருந்துப் பெட்டியின் ஸ்டிக்கர், பணம் கட்டிய ரசீது எல்லாம் கையில் வந்த பிறகே வீட்டுக்குக் கிளம்புங்கள்.

டாக்டரிடம் கடிதம் வாங்குங்கள். “டிராஸ்டுசுமாப் அவசியம்” என்ற ஒருவரிக் கடிதம் பயன்படாது. நோயின் நிலை, ஹெர்2 பரிசோதனை முடிவு (ஐ.எச்.சி. என்ற திசுப் பரிசோதனையில் 3+, அல்லது 2+ வந்து ஃபிஷ் என்ற மரபணுப் பரிசோதனையில் பாசிட்டிவ்), முதல் டோஸ் கிலோவுக்கு 8 மி.கி., பிறகு 6 மி.கி., மொத்தம் 18 டோஸ், அதில் எத்தனை முடிந்தது என்று இருக்க வேண்டும். ஊசி ஏறும்போது ஒவ்வாமை வரலாம், இதயம் பலவீனப்படலாம், அதனால் கண்காணிப்பும் மூன்று மாதத்துக்கு ஒரு எக்கோவும் (இதய ஸ்கேன்) தேவை என்பதையும் எழுதச் சொல்லுங்கள். ‘ஓ.பி.யிலேயே போடலாம்’ என்பதற்கு நேரடி பதில் அந்தக் கடைசி வரிதான்.

க்ளெய்மை நிராகரிக்கும் அதிகாரம் டி.பி.ஏ.வுக்கு இல்லை, காப்பீட்டு நிறுவனத்துக்குத்தான் உண்டு. ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 2024 மே மாத மாஸ்டர் சர்க்குலர்படி, நிறுவனத்தின் க்ளெய்ம் மறுஆய்வுக் குழு போன்ற உள்குழு ஒப்புதல் தராமல் எதையும் நிராகரிக்கக் கூடாது; எந்தப் பிரிவின் கீழ் என்றும் சொல்ல வேண்டும். இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். கடிதத்தில் சொல்லாத காரணத்தைப் பிறகு வழக்கில் கொண்டுவர முடியாது என்று ஸௌராஷ்ட்ரா கெமிக்கல்ஸ் வழக்கில் 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நாளைக்குப் பழைய வியாதியை மறைத்தீர்கள் என்று கிளப்பினாலும் பயப்படாதீர்கள். தொடர்ந்து 60 மாதம் ஓடிய பாலிசியில், மோசடியை நிரூபித்தால் தவிர அந்தக் காரணம் செல்லாது.

நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு மின்னஞ்சலில் புகார் அனுப்புங்கள். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் புகார் தளமான பீமா பரோசாவிலும் பதியலாம், தொலைபேசி 155255. ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ மறுத்தாலோ, ஓராண்டுக்குள் சென்னை காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் குறைதீர்ப்பாளர்) போகலாம். வரம்பு 50 லட்சம் ரூபாய், கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது. 30 நாளில் அதை நிறைவேற்றாவிட்டால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும்.

நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டுவிட்டால் அதே விஷயத்துக்கு ஆம்புட்ஸ்மேன் கதவு அடைபட்டுவிடும். ஆகவே ஆம்புட்ஸ்மேனிடம் முதலில் போங்கள். அங்கே சரியாகவில்லை என்றால் விருதுநகர் மாவட்ட ஆணையம் இருக்கிறது, சென்னைக்கு அலைய வேண்டாம். இரண்டாண்டுக் கெடு அங்கே ஓடிக்கொண்டிருக்கும், மறந்துவிடாதீர்கள்.

இடையில் பாலிசி புதுப்பிக்கும் தேதி வந்தால், இந்தச் சண்டையைக் காரணம் காட்டி பிரீமியத்தை நிறுத்திவிடாதீர்கள். தேதிக்கு ஒரு வாரம் முன்பே கட்டிவிடுங்கள். க்ளெய்ம் கேட்டார்கள் என்பதற்காக அவர்கள் புதுப்பிக்க மறுக்க முடியாது.